கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும்

எங்கள் பக்கத்தில் அந்த நோயைப் பெயர் சொல்லி அழைப்பது குறைவு. ஜாசின், அசஹான், மெர்லிமாவ் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பெரியவர்கள் "அந்தச் சீக்கு" என்பார்கள். இல்லையென்றால் "உள்ளே ஏதோ கட்டியாம்" என்று குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பெயரைச் சொன்னால் வீட்டுக்குள் வந்துவிடும் என்ற பயம் போலும். லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்து இருபது, முப்பது ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் பயம் மட்டும் கூடவே வந்திருக்கிறது.

பயம் சும்மா இருப்பதில்லை, நாளைக் கடத்திவிடுகிறது. மார்பில் கட்டி தட்டுப்பட்ட அக்கா, "வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். முதலில் தீபாவளி முடியட்டும் என்பார், பிறகு மகள் கல்யாணம் முடியட்டும் என்பார். வெற்றிலை பாக்குப் போட்டுப் பழகிய பாட்டி, கன்னத்துக்குள் ஆறாத புண்ணைச் சூடு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருக்கிறார். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இலேயே சொல்லிவிட்டது. அந்தச் செய்தி பாட்டியின் வெற்றிலைப் பெட்டி வரை வந்து சேரவில்லை. இரண்டு, மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

2017 முதல் 2021 வரையிலான ஐந்தாண்டுகளில் நம் நாட்டில் 168,822 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாகத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு கூறுகிறது. நோயின் கட்டம் பதிவானவர்களில் 65 விழுக்காட்டினர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் இது ஏறத்தாழ 64 விழுக்காடு. நிலைமை முன்னேறவில்லை என்றுதான் இதற்கு அர்த்தம்.

தாமதத்துக்குப் பயம் மட்டுமே காரணமில்லை என்பதை என் சித்திக்குத் துணையாக அலைந்த ஒன்றரை ஆண்டில் கண்டேன். சித்திக்கு அப்போது 54 வயது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை. மகன் சிங்கப்பூரில், மகள் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில். எனக்கு மலாக்கா டவுனில் அலுவலக வேலை. மருத்துவர் முதலில் சொன்ன சொல் 'கெதும்புஹான்'. சித்திக்குப் பேச்சு மலாய் நன்றாகவே வரும். ஆனால் "ஏதோ வளர்ந்திருக்குன்னு சொன்னாரு, அவ்வளவுதான்" என்று வீட்டில் வந்து சொன்னார். அந்தச் சொல்லுக்கு அந்த அறையில் என்ன பொருள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. கையில் கொடுத்த சுராட்டை எடுத்துக்கொண்டு எந்தக் கவுண்டருக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் இரண்டு வாரம் போயிற்று.

ஐந்து ரிங்கிட்டுக்கு அப்பால்

அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு நிபுணர் கிளினிக் கட்டணம் ஒரு முறைக்கு 5 ரிங்கிட்தான். (சிவப்பு அடையாள அட்டை வைத்திருப்போருக்குக் கணக்கு வேறு. அவர்கள் முதல் நாளே விவரம் கேட்டுக்கொள்வது நல்லது.) "அஞ்சு வெள்ளிதானே" என்று வெளியில் இருப்பவர்கள் சொல்வார்கள். குடும்பத்தைச் சாய்ப்பது அந்த ஐந்து வெள்ளி அல்ல. வண்டி வாடகை, நெடுஞ்சாலைக் கட்டணம், வழிச் சாப்பாடு, நோயாளியின் சம்பளம், கூடப் போகிறவரின் சம்பளம் இவைதான் சாய்க்கின்றன.

அசஹானிலிருந்து மலாக்கா மருத்துவமனைக்கு வருவதே ஒரு காலைப் பொழுது. கதிரியக்க சிகிச்சை வேண்டும் என்றால், அரசாங்க வழியில் போகும் நம் மாநிலத்தவர் பலருக்கு 2013-இல் திறக்கப்பட்ட புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகம்தான் இடம். மலாக்காவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சிகிச்சை ஒருநாள் வேலையும் அல்ல. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நடக்கும். சித்திக்கு மூன்று வாரம். காஜாங்கில் தூரத்து உறவினர் ஒருவர் வீட்டில் தங்கித்தான் முடித்தோம். அப்படி ஒரு வீடு கிடைக்காதவர்கள் விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்புகிறார்கள், அல்லது பாதியில் நிறுத்திவிடுகிறார்கள்.

மலேசியா உட்பட எட்டுத் தென்கிழக்காசிய நாடுகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. நோய் கண்ட ஓராண்டுக்குள் 29 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள். 48 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தாலும், குடும்ப வருமானத்தையே விழுங்கும் செலவில் சிக்கியிருந்தார்கள். பெரிய பண நெருக்கடி இல்லாமல் தப்பியவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

உதவி இருக்கிறது, கதவு தெரிய வேண்டும்

சித்திக்குச் சிகிச்சை தொடங்கி நான்கு மாதம் கழித்துத்தான் போக்குவரத்துக்கு உதவித்தொகை இருப்பது எங்களுக்குத் தெரிந்தது. சொன்னவர் அதிகாரி இல்லை. காத்திருப்பு நாற்காலியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்கார அக்கா. அவருக்கு அவருடைய அண்ணன் மகள் எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தாளாம். அன்றிலிருந்து நானும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கேட்கத் தொடங்கினேன். அதில் எழுதியவற்றில் முக்கியமானவை இவை.

மருத்துவ சமூகப் பணிப் பிரிவு: பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் 'ஜபாத்தான் கெர்ஜா சோசியல் பெருபாத்தான்' என்ற பலகை இருக்கும். முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான். மருத்துவமனையில் கிடைக்காத மருந்தோ கருவியோ தேவைப்பட்டு வாங்க வசதியில்லை என்றால், சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு இவர்கள் வழியாகத்தான் மனு போகும். வேறு அறவாரியங்களுக்குக் கடிதம் எழுதுவது, தங்குமிடம் விசாரிப்பது எல்லாம் இங்கேதான். மருத்துவரிடம் "சமூகப் பணி அதிகாரியைப் பார்க்க வேண்டும்" என்று கேட்டால் அனுப்பிவைப்பார்.

பெக்கா பி40: 2019-இல் தொடங்கிய இத்திட்டம், அரசாங்க ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கும் அவர்களின் துணைவருக்கும் உரியது. இலவச உடல் பரிசோதனை இதில் எல்லாருக்கும் தெரிந்த பகுதி. புற்றுநோய் சிகிச்சையைத் தொடங்கும்போது 300, முடிக்கும்போது 700 என 1,000 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தீபகற்பத்தில் இருப்பவர்களுக்கு 500 ரிங்கிட் வரை போக்குவரத்து உதவியும் உண்டு. சிகிச்சை பெறும் அரசாங்க மருத்துவமனையிலேயே மனு செய்யலாம்.

பெர்கேசோ: தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ சொக்சோ சந்தா கட்டியவர், 60 வயதுக்குள் நோயால் வேலை செய்ய முடியாத நிலைக்கு வந்தால் 'இலாட்' எனப்படும் செயலிழப்பு ஓய்வூதியத்துக்கு மனு செய்யலாம். போதுமான சந்தா கட்டியிருக்க வேண்டும். மருத்துவ வாரியம் பரிசீலித்து முடிவு சொல்லும். சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை மாதாமாதம் கிடைக்கும். நம்மவர்கள் பலர் நோய் என்றதும் முதல் வேலையாக வேலையை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு சட்டத்தில் இருக்கிறது. பெர்கேசோ அலுவலகத்தில் விசாரித்த பிறகே எந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போடுங்கள்.

ஊழியர் சேமநிதி: கடும் நோய்ப் பட்டியலில் புற்றுநோய் இருக்கிறது. இப்போது 'செஜாத்ரா' என்று பெயர் மாற்றப்பட்ட கணக்கிலிருந்து சிகிச்சைச் செலவுக்குப் பணம் எடுக்கலாம். தனக்கு மட்டுமல்ல, கணவன் மனைவி, பிள்ளைகள், பெற்றோர், மாமனார் மாமியார், உடன்பிறந்தோருக்காகவும் எடுக்கலாம்.

சமூக நல இலாகா: நோயாளி படுத்த படுக்கையாகிவிட்டால், குறைந்த வருமானக் குடும்பத்தில் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 500 ரிங்கிட் உதவித்தொகை உண்டு. இதற்கு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் மனு செய்ய வேண்டும்.

அரசு சாரா அமைப்புகள்: 1994-இல் தொடங்கிய மக்னா, வசதியற்ற புற்றுநோயாளிகளுக்கு நிதியுதவி செய்கிறது. 1966 முதல் இயங்கும் தேசியப் புற்றுநோய் சங்கம் தகவலும் மனநல ஆலோசனையும் தருகிறது. அதை நெடுங்காலம் தலைமை தாங்கி நடத்தியவர் டாக்டர் சௌந்தரி சோமசுந்தரம். 1986-இல் உருவான மார்பகப் புற்றுநோய் நலச் சங்கத்தில், அந்த நோயைக் கடந்து வந்த பெண்களே புதிதாக நோய் கண்டவர்களோடு பேசுகிறார்கள். மார்பகம் அகற்றப்பட்ட பெண்ணுக்கு, அதே வழியில் நடந்துவந்த இன்னொரு பெண்ணின் குரல் எவ்வளவு பெரிய தெம்பு என்பதைச் சித்தியின் முகத்தில் பார்த்திருக்கிறேன்.

தொகைகளும் நிபந்தனைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. மனு செய்யும் நாளில் கவுண்டரில் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஓட்டுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர்

இவ்வளவு பாரங்களையும் நோயாளியே நிரப்ப முடியாது. பக்கத்தில் இருந்து குளிப்பாட்டி, சோறு ஊட்டி, இரவில் விழித்திருக்கும் மகளாலும் முடியாது. அதனால்தான் ஒவ்வொரு நோயாளிக்கும் கேட்பதற்கென்று தனியாக ஓர் ஆள் வேண்டும் என்கிறேன்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014-இல் கேன்சர் ரிசர்ச் மலேசியா அமைப்பு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மார்பகப் புற்றுநோய் சந்தேகத்தோடு வரும் பெண்ணுக்கு ஒரு வழிகாட்டி. பயிற்சி பெற்ற தாதியரும் சமூகப் பணியாளர்களும் அந்தப் பெண்ணோடு பேசுவார்கள். சோதனைத் தேதிகளை நினைவூட்டுவார்கள், பயத்தைக் கேட்பார்கள், பணப் பிரச்சினைக்கு வழி தேடுவார்கள். புதிய மருந்தோ இயந்திரமோ எதுவும் சேர்க்கவில்லை. சிகிச்சையை விட்டுப் போனவர்களின் விகிதம் முந்தைய ஆண்டைவிடப் பாதிக்கும் கீழே இறங்கியது. இப்போது வேறு சில மருத்துவமனைகளிலும் அந்தத் திட்டம் நடக்கிறது.

அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் வீட்டிலேயே ஒருவரை நியமித்துக்கொள்ளலாம். அவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சித்தியின் மகன் சிங்கப்பூரில் வேலை முடிந்து வந்து இரவில் பாரங்களை நிரப்பினான். அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினான். அடுத்த சந்திப்புத் தேதியைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டான். கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் வேலை பார்க்கும் இளையோரே, "கூட இருந்து பாத்துக்க முடியலையே" என்று வருந்துவதை விட இது பயனுள்ள வேலை. ஒரு கோப்பு வாங்குங்கள். சோதனை முடிவுகள், சுராட், மருந்துப் பட்டியல், ரசீது எல்லாம் தேதி வாரியாக அதில் இருக்கட்டும். மருத்துவர் மாறினாலும் கோப்பு மாறாது.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பழம் வாங்கி வருவார்கள். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று அவரிடம் கேட்பார்கள். தேநீர் கலந்து கொண்டுவந்து வைக்கும் மகளிடம் "நீ சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று கேட்பவர் அபூர்வம். சித்தி மகள் மூன்று மாதத்தில் ஆறு கிலோ இளைத்தாள். அவளை யாரும் நோயாளியாகக் கணக்கில் எடுக்கவில்லை.

"ஏதாச்சும் வேணும்னா சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. அவள் சொல்ல மாட்டாள். "வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாடு என் வீட்டிலிருந்து வரும்", "திங்கட்கிழமை நான் வண்டி ஓட்டுறேன்", "சனிக்கிழமை ராத்திரி நான் பக்கத்தில் படுத்துக்கிறேன், நீ போய்த் தூங்கு" என்று குறித்துச் சொல்லுங்கள். எங்கள் தாமானில் நான்கு வீட்டுப் பெண்கள் அப்படி ஒரு முறை வைத்துக்கொண்ட பிறகுதான் அந்தப் பெண் வேலைக்குத் திரும்ப முடிந்தது.

வருகிறவர்களுக்கு இன்னொன்று. கீமோ நடக்கும் காலத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கும். சளி, இருமல் இருந்தால் போகாதீர்கள். வீட்டில் ஒரு காய்ச்சல்மானி இருக்கட்டும். கீமோ எடுத்தவருக்கு 38 டிகிரி காட்டினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பனடோல் கொடுத்துப் படுக்கவைக்கக் கூடாது. இரவானாலும் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.

பத்தியம், கஷாயம், நேர்த்திக்கடன்

நோய் செய்தி பரவியதும் வைத்தியம் சொல்ல வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். டுரியான் பெலண்டா இலையைக் கொதிக்கவைத்துக் குடி என்பார் ஒருவர். ஒரு புட்டி 300 வெள்ளிக்குச் சத்துப்பானம் விற்பார் இன்னொருவர். முட்டை, கோழி, மீன் எல்லாம் நிறுத்து என்பார் மூன்றாமவர். அன்பால் சொல்பவர்களோடு சண்டை போட வேண்டாம். ஆனால் எதைக் குடித்தாலும் மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ சொல்லிவிட வேண்டும். சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும், ஈரலைப் பாதிக்கும். பத்தியம் என்று புரதச் சத்தை நிறுத்தினால் எடை இறங்கும், உடல் அடுத்த கீமோவைத் தாங்காது, தேதி தள்ளிப்போகும். சாப்பிட முடிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவதே இந்தக் காலத்துக்குப் பத்தியம்.

கோயில் விஷயம் வேறு. செங் சன்னாசிமலை ஆண்டவருக்குச் சித்தி நேர்ந்துகொண்டிருந்தார். மாசி மகம் கீமோ காலத்தில் வந்தது. போகலாமா கூடாதா என்று வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் மருத்துவரிடமே கேட்டோம். அவர் சிரிக்கவில்லை. நாள்காட்டியைப் பார்த்து, இரத்த அணுக்கள் இறங்கியிருக்கும் வாரம் அது என்று விளக்கி, கூட்டம் சேரும் முன் அதிகாலையில் முகக்கவசத்தோடு போய் வாருங்கள் என்றார். கேட்டதால் கிடைத்த பதில் அது.

மறைப்பதும் சொல்வதும்

"அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்கமாட்டாங்க." மருத்துவர்கள் நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இதுவாகத்தான் இருக்கும். அன்பில் கேட்பதுதான். ஆனால் உடம்புக்குள் நடப்பது அம்மாவுக்குத் தெரியாமல் போகாது. எல்லாரும் மறைக்கும்போது அவர் தன் பயத்தை யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாகிவிடுகிறார். வீட்டுப் பத்திரம், சேமநிதி வாரிசு, பேத்தியின் படிப்பு பற்றியெல்லாம் அவர் சொல்ல நினைப்பதும் சொல்லாமலே போகிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. "டாக்டர் சொன்னதை உங்களுக்கும் சொல்லட்டுமா?" என்று முதலில் அவரிடமே கேளுங்கள். அவர் விரும்பும் அளவுக்குச் சொல்லுங்கள்.

வாய்விட்டுப் பேசியவர்களும் நம்மில்தான் இருந்திருக்கிறார்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சென்னை அடையாற்றில் 1954-இல் பன்னிரண்டு படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். சாதாரணக் குடும்பங்கள் நம்பிப் போகும் இடமாக அது இன்றும் இருக்கிறது.

குணப்படுத்த முடியாத கட்டம் வந்துவிட்டாலும் "இனி ஒன்றும் செய்ய முடியாது" என்பது சரியல்ல. வலி நிவாரணப் பராமரிப்பு என்று ஒரு தனி மருத்துவமே இருக்கிறது. மார்ஃபின் என்றதும் பயப்படுகிறார்கள், அடிமையாகிவிடுவார் என்கிறார்கள். மருத்துவர் அளந்து கொடுக்கும் மார்ஃபின் வலியில்லாமல் தூங்கவும், பேரனோடு பேசவும் உதவும் மருந்து. படுக்கையில் இருப்பவரை வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை கிளினிக் கெசிஹாதான்களில் 2014 முதல் நடக்கிறது. உங்கள் வட்டாரக் கிளினிக்கில் கேளுங்கள்.

மருத்துவரைப் பார்க்கும்போது நோட்டுப் புத்தகத்தில் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்:

நோயின் பெயர் என்ன, எந்தக் கட்டம்?
சிகிச்சை குணப்படுத்தவா, கட்டுப்படுத்தவா?
எத்தனை முறை, எந்த ஊரில், எவ்வளவு காலம்?
எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், எந்த எண்ணில் அழைக்க வேண்டும்?
சமூகப் பணி அதிகாரியை எப்போது பார்க்கலாம்?
தமிழில் விளக்கக்கூடிய தாதியோ மருத்துவரோ இருக்கிறார்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். பல மருத்துவமனைகளில் நம் பிள்ளைகள் மருத்துவராகவும் தாதியாகவும் இருக்கிறார்கள். கேட்டால் வந்து விளக்குவார்கள்.

சித்தி இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போய் வருகிறார். அந்தக் கோப்பு கொஞ்ச நாளாக என்னிடம் இல்லை. அலோர்காஜாவில் ஒரு குடும்பம், எந்தப் பாரம் எப்படி நிரப்பப்பட்டது என்று பார்ப்பதற்காக வாங்கிப் போயிருக்கிறது. நம் மாநிலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் கோயில் இருக்கிறது, தமிழ்ப்பள்ளி இருக்கிறது. நிர்வாகக் குழுவிலோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ இந்த விவரங்கள் தெரிந்த ஒருவர் இருந்து, அவருடைய பெயரையும் எண்ணையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்தால் போதும். அடுத்த வீட்டுக்காரர் ஒரு மலாய்க்கார அக்காவின் பக்கத்து நாற்காலி காலியாகும் வரை காத்திருக்க வேண்டியிராது.